தாழ்வாரத்துத் தோட்டம்: வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களைப் படித்து முடித்தபோது சாயங்காலம் மணி நாலரை. மல்லிகை மொட்டுப் பறிக்கிற நேரம். பறித்து, ஈரத்துணியில் சுற்றி வைத்துவிட்டு வந்துதான் பதில் எழுத உட்கார்ந்தேன். இன்றைக்கு நாற்பத்திரண்டு மொட்டு. புதிதாகப் படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்: எங்களுடையது சிங்கப்பூரில், அங் மோ கியோவில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய அடுக்குமாடியில் நான்காம் மாடி வீடு. வாசலுக்கு எதிரே, தாழ்வாரச் சுவரை ஒட்டி ஓர் இரும்பு அடுக்கு, அதில் பதினாறு தொட்டி. முப்பத்தோரு வருடம் தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்தினேன். இப்போது காலையும் மாலையும் இந்தப் பதினாறு தொட்டிக்கு முன்னால் நிற்கிறேன். அதில் எனக்கு அத்தனை சந்தோஷம். சரி, கடிதங்களுக்கு வருவோம்.

கேள்வி: அம்மா, போன நவம்பரில் நர்சரியில் பூவும் மொட்டுமாக நின்ற குண்டுமல்லிச் செடி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்த வாரம் பூத்தது. அதற்குப் பிறகு வெறும் இலைதான். உரம் மாற்றி மாற்றிப் போட்டும் பயனில்லை. தூக்கிப் போட்டுவிடலாமா?
– செங்காங் வாசகி

பதில்: போட்டுவிடாதீர்கள். செடியில் கோளாறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் தாழ்வாரம் எந்தத் திசை பார்க்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. நான் முதலில் கேட்பது அதைத்தான்.

என் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. 2009இல் நானும் நவம்பரில்தான் முதல் மல்லிச் செடியை வாங்கினேன். டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி போயிற்று. பச்சைப் பசேலென்று இலை, ஒரு மொட்டுகூடக் கிடையாது. நீங்கள் செய்ததைப் போலவே நானும் உரமாகப் போட்டுத் தள்ளினேன். மே மாதக் கடைசியில், பள்ளி விடுமுறைக்கு முந்தின வாரம், விடியற்காலையில் கதவைத் திறந்தால் வாசம் முகத்தில் வந்து மோதியது. எண்ணிப் பார்த்தேன், பதினெட்டுப் பூ. நான் புதிதாக எதுவுமே செய்யவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்தவர், எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்கு நிம்மதி. நான் பள்ளியிலிருந்து கொண்டுவந்த சாக்குக்கட்டியை எடுத்துக்கொண்டு, பதினைந்து நாளுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் ஒரு மணிக்கு, வெயில் எந்த இடம் வரை விழுகிறது என்று தாழ்வாரத் தரையில் கோடு போட்டுத் தேதி எழுதினார். தரையைக் கழுவினால் கோடு போய்விடும் என்பதால் சுவரிலிருந்து எத்தனை சென்டிமீட்டர் என்று ஒரு நோட்டிலும் குறித்துக்கொண்டார். ஒரு வருடம் முடிந்தபோது அந்த நோட்டிலேயே பதில் இருந்தது.

சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குச் சற்றே வடக்கில், ஏறக்குறைய 1.3 பாகையில் இருக்கிறது. நமக்கு வருடம் முழுக்கப் பகல் பன்னிரண்டு மணி நேரத்தை ஒட்டித்தான். ஆனால் வெயில் வருகிற பக்கம் மாறிக்கொண்டே இருக்கும். மார்ச் கடைசியிலிருந்து செப்டம்பர் கடைசிவரை சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகும், ஜூன் 21 வாக்கில் மிகவும் அதிகமாக. மீதி ஆறு மாதம் தெற்கே சாய்ந்து போகும். ஆகவே வடக்குப் பார்த்த தாழ்வாரத்துக்கு நவம்பரில் நேர் வெயில் ஒரு கீற்றுக்கூட வராது. தெற்குப் பார்த்ததற்கு ஜூனில் வராது. கிழக்கும் மேற்கும் பார்த்தவற்றுக்கு வருடம் முழுக்க அரை நாள் வெயில் உண்டு. ஊரில் மல்லிக்குப் பங்குனி, சித்திரை என்று ஒரு காலம் உண்டு. இங்கே நாம் குடியிருக்கிற புளோக் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறதோ அதை வைத்துத்தான் மல்லிக்குக் காலம்.

மல்லிக்கு ஒரு நாளைக்கு ஐந்தாறு மணி நேரம் நேர் வெயில் வேண்டும். தொட்டியைத் தரையில் வைத்தால் தாழ்வாரச் சுவரே பாதி வெயிலை மறைத்துவிடும். தரையில் இருந்த தொட்டியை இரண்டடி உயர அடுக்கில் ஏற்றியதும் என் வீட்டில் இரண்டு மணி நேர வெயில் கூடுதலாகக் கிடைத்தது. அடுக்கு வாங்கும்போது அளந்து வாங்குங்கள். அதை வைத்த பிறகும் நடக்க 1.2 மீட்டர் வழி இருக்க வேண்டும் என்பது குடிமைத் தற்காப்புப் படையின் விதி. ஆபத்து நேரத்தில் ஸ்ட்ரெச்சர் போக வேண்டிய வழி அது. சுவருக்கு மேலே மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தொட்டியை வைக்காதீர்கள். காற்றில் விழுந்தால் கீழே ஒரு குழந்தை நடந்துகொண்டிருக்கலாம்.

உரத்தை நிறுத்துங்கள். தழைச்சத்து அதிகமானால் இலைதான் வரும். பூத்து ஓய்ந்ததும் ஒவ்வொரு கிளையிலும் மூன்றில் ஒரு பங்கை நறுக்கிவிடுங்கள். புதுத் தளிரின் நுனியில்தான் மல்லி மொட்டு வைக்கும். நறுக்க மனம் வராதவர்கள் வீட்டில் செடி கொடியாக நீண்டுகொண்டே போகும், பூ வராது. அப்புறம், நீங்களும் ஒரு சாக்குக்கட்டி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காகிதப்பூவுக்குத் தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன். நல்ல வெயிலும் இருக்கிறது. ஏன் பூக்கவில்லை?
– தெம்பனிஸ் வாசகர்

பதில்: தண்ணீரைக் குறையுங்கள். சாலைக்கு மேலே போகிற நடைமேம்பாலங்களின் இருபுறமும் காகிதப்பூ கொட்டிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுட்டெரிக்கும் வெயில், ஆழமில்லாத மண், மழை இல்லாத வாரங்கள் என்று அங்கே அது வாழ்வதே கஷ்ட ஜீவனம். அதில்தான் அப்படிப் பூக்கிறது. பிப்ரவரி வறட்சி வந்ததும் பாருங்கள், இன்னும் அதிகமாக இருக்கும். இலை லேசாகத் தொங்குகிறவரை காத்திருந்து பிறகு ஊற்றுங்கள். பூக்க ஆரம்பித்ததும் ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். நாம் பூ என்று நினைக்கிற அந்த நிறமெல்லாம் இலையின் இன்னொரு வடிவம். நடுவில் குழல் மாதிரி வெள்ளையாக நிற்கிறதே, அந்தச் சின்னதுதான் நிஜப் பூ.

கேள்வி: அக்கா, ஜூன் மாதம் தஞ்சாவூர் போகிறேன். அத்தை வீட்டுக் கொல்லையில் ஜாதிமல்லி இருக்கிறது. ஒரு பதியனை ஈரச்சாக்கில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்துவிடலாமா?
– உட்லண்ட்ஸ் வாசகர்

பதில்: அப்படிக் கொண்டுவராதீர்கள் தம்பி. இந்தியாவிலிருந்து செடி கொண்டுவர அங்கிருந்து தாவர நலச் சான்றிதழ் வேண்டும், இங்கே தேசியப் பூங்காக் கழகத்தின் இறக்குமதி அனுமதியும் வேண்டும். வேரோடும் மண்ணோடும் கண்ணுக்குத் தெரியாத புழுவும் பூஞ்சையும் வந்துவிடும் என்பதற்காகத்தான் இத்தனை கட்டுப்பாடு. நம் ஆசை ஒரு செடிமேல். அது கொண்டுவருகிற நோய் இந்தத் தீவில் எத்தனை செடிக்குப் போகும் என்று நினைத்துப் பாருங்கள்.

உங்கள் மனசு புரிகிறது. அத்தை வீட்டுப் பூ வாசம் வேறுதான். ஆனால் ஒன்று சொல்கிறேன். 2013இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லிக்கே நாற்று போவது ராமநாதபுரம் மாவட்டத்துத் தங்கச்சிமடத்திலிருந்துதான். வேறு மண்ணில் வேர்விட்டுப் போய், மதுரையில் அந்தப் பெயர் வாங்குகிறது. தாம்சன் சாலை, சுங்கை தெங்கா பக்கத்து நர்சரிகளில் ஜாதிமல்லி கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கோயிலில் யார் தலையில் ஜாதிமல்லி இருக்கிறதோ அவரிடம் கேளுங்கள். என்னுடையது அப்படி வந்ததுதான். பிடோக்கில் இருக்கும் ஓர் அம்மாவிடம் கேட்டேன். தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்து, கணுவுக்கு அடியில் ஓர் அங்குலம் பட்டையைச் சுரண்டி, பக்கத்தில் ஒரு சின்னத் தொட்டி மண்ணில் புதைத்து, மேலே ஒரு கல்லை வைத்தார். இரண்டு மாதம் ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டார். வேர் விட்டதும் கூப்பிட்டு அனுப்பினார். எம்ஆர்டி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

கேள்வி: எங்கள் வாசல் காகிதப்பூக் கிளையில் ஒரு சின்னக் குருவி சருகும் நாருமாகப் பை மாதிரி கூடு கட்டியிருக்கிறது. வயிறு மஞ்சள். கதவைத் திறந்தால் பறந்துவிடுகிறது. செடிக்குத் தண்ணீர் ஊற்றலாமா? தொட்டியைக் கொஞ்சம் தள்ளி வைக்கலாமா?
– பாசிர் ரிஸ் வாசகி

பதில்: தொட்டியை ஒரு விரற்கடைகூட நகர்த்தாதீர்கள். அது தேன்சிட்டு. உங்கள் வாசலை நம்பி வந்திருக்கிறது, எனக்கு உங்கள்மேல் கொஞ்சம் பொறாமைதான்.

2017இல் எங்கள் மல்லிச் செடியில் ஒரு ஜோடி கூடு கட்டியது. கட்டியதெல்லாம் பெண்தான். தொண்டை நீலமாக உலோகம் போல மின்னும் ஆண் சுவரில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தது. முதலில் சிலந்தி வலையைக் கொண்டுவந்து கிளையில் சுற்றியது. பிறகு காய்ந்த புல், லாலாங் புல்லின் வெள்ளைப் பஞ்சு, எங்கள் கால்மிதியிலிருந்து பிரிந்த இரண்டு நூல். பை மாதிரி தொங்க ஆரம்பித்ததும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டு, நெஞ்சை அழுத்தி அழுத்திச் சுற்றிச் சுற்றித் திரும்பும். வெளியிலிருந்து பார்த்தால் கூட்டின் வயிறு அங்கங்கே புடைத்து அடங்குவது தெரியும். இரும்புக் கதவுக்குப் பின்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து நான் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். அடுப்பில் வைத்த சாம்பார் இரண்டு நாள் அடிபிடித்தது.

இரண்டு குஞ்சு பொரித்தது. தாயும் தகப்பனும் மாறி மாறிச் சின்னச் சின்னச் சிலந்திகளைக் கொண்டுவந்து ஊட்டின. குஞ்சின் எச்சம் ஒரு வெள்ளை உறைக்குள் முத்து மாதிரி வரும். அதைத் தாய் அலகில் கவ்வி எடுத்துக்கொண்டு தூரப் போய்ப் போட்டுவிட்டு வரும். கூட்டில் ஒரு துளி அசுத்தம் இருக்காது.

தண்ணீர் ஊற்றலாம். தாய் வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, சின்னக் குவளையால் தூரில் மெதுவாக ஊற்றுங்கள். கிளையை வெட்டாதீர்கள், மருந்து அடிக்காதீர்கள். தாழ்வாரம் கூட்ட வருகிறவரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். எங்கள் புளோக்கில் கூட்டுகிற பங்ளாதேஷ் தம்பி அந்த ஒரு மாதமும் எங்கள் வாசல் வந்ததும் துடைப்பத்தைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு போனார். முட்டை வைத்ததிலிருந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில் குஞ்சுகள் பறந்துவிடும். அந்த மாதம் அந்தச் செடியில் நான் மொட்டுப் பறிக்கவில்லை. பூ செடியிலேயே மலர்ந்து உதிர்ந்தது.

கேள்வி: டெங்கிச் சோதனைக்கு வந்த அதிகாரிகள் எங்கள் தொட்டித் தட்டில் கொசுப்புழு இருப்பதைக் காட்டினார்கள். இனிமேல் செடியே வேண்டாம் என்கிறார் கணவர்.
– ஈசூன் வாசகி

பதில்: தட்டுத்தான் வேண்டாம், செடி இருக்கட்டும். கொசு முட்டையிலிருந்து பறக்கிற கொசுவாக ஒரு வாரம் போதும். 2020இல் இந்தச் சின்னத் தீவில் 35,000 பேருக்கு மேல் டெங்கி வந்தது. அதனால் அவர் பயப்படுவதில் தவறில்லை. நான் தட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன், தரை நனைந்தால் துடைத்துவிடுகிறேன். தட்டு இல்லாமல் முடியாது என்றால் ஒன்று விட்டு ஒரு நாள் அதைத் தூக்கி, தண்ணீரைக் கொட்டி, உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், கொட்டினால் மட்டும் போகாது. பலரும் கவனிக்காதது மண். மேல்மண் இறுகிப்போனால் தண்ணீர் அதன்மேலேயே தேங்கும். பழைய முள்கரண்டியால் வாரம் ஒரு தடவை கிளறிவிடுங்கள். செடிக்கும் அது நல்லது.

கேள்வி: செம்பருத்தி நுனியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டிக்கொண்டு மொட்டெல்லாம் சுருங்குகிறது.
– கிளமெண்டி வாசகர்

பதில்: மாவுப்பூச்சி. மோசமான நுனிகளை நறுக்கிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மீதியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய், சில சொட்டுப் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலும் படும்படி தெளியுங்கள். ஐந்தாறு நாளுக்கு ஒரு தடவை, மூன்று தடவை. செடியில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். மாவுப்பூச்சி விடுகிற இனிப்புக்காக எறும்பு அதைக் காவல் காக்கும். எறும்பை நிறுத்தாமல் பூச்சி போகாது.

கேள்வி: டீச்சர், எனக்கு 27 வயது. பாட்டி இருந்தவரை அவர்தான் பூ கட்டித் தருவார். காணொளியில் பார்த்தால் கை வேகமாகப் போகிறது, முடிச்சு எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. எழுத்தில் சொல்லித்தர முடியுமா?
– பொங்கோல் வாசகி

பதில்: சொல்லித்தருகிறேன் அம்மா. மெதுவாகப் படித்து, பக்கத்தில் நூலை வைத்துக்கொண்டு செய்துபாருங்கள்.

முதலில் மொட்டு. பருத்து வெள்ளையாகி, ஆனால் வாய் திறக்காமல் இருக்க வேண்டும். இன்னும் பச்சை ஓடியிருக்கிற மொட்டு நாளைக்கு. நாலு மணியிலிருந்து ஐந்துக்குள் பறித்துவிடுங்கள். காம்பு கொஞ்சம் நீளமாக வரட்டும். கட்டுவதற்கு வாழைநார் இருந்தால் நல்லது, தண்ணீரில் ஊறவைத்துக் கிழித்துக்கொள்ளலாம். லிட்டில் இந்தியா பக்கம் தேக்காவில் பூக்கடையில் கேட்டுப் பாருங்கள். இல்லையென்றால் தையல் நூலை இரட்டையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நூல் நுனியை இடது சுண்டுவிரலில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். நூல் இடது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வெளியே வரட்டும். அந்த இடத்தில் இரண்டு மொட்டை நூலுக்குக் குறுக்கே வையுங்கள், தலை உங்களைப் பார்த்து. அதற்கு எதிராக இன்னும் இரண்டு, தலை அந்தப் பக்கம். நான்கு காம்பும் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்திருக்கும். கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையிலிருக்கும் நூலால் காம்புகளை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அப்புறம் அதே நூலை வலது ஆள்காட்டி விரலில் மாட்டி ஒரு திருகு திருகினால் ஒரு வளையம் வரும். அந்த வளையத்தை ஒரு பக்கத்து மொட்டுகளின் தலைவழியாக இறக்கி, காம்பில் உட்கார்ந்ததும் இழுங்கள். உங்களுக்குத் தெரியாமல் போகிற முடிச்சு அந்தத் திருகில்தான் இருக்கிறது. திருகாமல் போட்ட வளையம் அவிழ்ந்துவிடும். ரொம்ப இறுக்கினால் காம்பு நறுக்கென்று அறுபடும். அந்தச் சத்தம் கைக்கு நன்றாகத் தெரியும், இரண்டு நாளில் பழகிவிடும்.

பூவை வீணாக்காமல் பழக வெங்காயத்தாளை இரண்டு அங்குலத் துண்டுகளாக நறுக்கிக் கட்டிப்பாருங்கள். பள்ளியில் பொங்கல் விழாவுக்குப் பிள்ளைகளுக்கு நான் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன்.

நாற்பது மொட்டு கட்டினால் அரைச் சாண்தான் வரும். கடையில் முழம் வாங்கிப் பழகியவர்களுக்கு அது கொஞ்சமாகத் தெரியும். ஆனால் ஆறு மணிக்கு மொட்டாகத் தலையில் வைத்துக்கொண்டு வீட்டை விட்டுக் கிளம்பி, எட்டு மணி பூசைக்குக் கோயிலில் நிற்கும்போது அது ஒவ்வொன்றாகத் திறக்கும். முன்னால் நிற்கிறவர் திரும்பிப் பார்ப்பார். உங்கள் பாட்டிக்கு இது தெரிந்திருக்கும்.

கேள்வி: எங்கள் சங்குப்பூவைப் பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் அம்மா) பலகாரத்துக்குக் கேட்கிறார். சாப்பிடலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகி

பதில்: தாராளமாக. மலாய்க்காரர்கள் புங்கா தெலாங் என்பார்கள். மலாய் வழக்கம் கலந்த சீன வம்சாவளியினரான பெரானாக்கான் வீடுகளிலும் புளூட் என்கிற ஒட்டரிசிக்கு நீலம் ஏற்றுவது இந்தப் பூதான். பச்சைக் காம்பைக் கிள்ளிவிட்டு இதழை வெந்நீரில் போட்டால் நீலம் இறங்கும். ஓர் எலுமிச்சைச் சொட்டு விட்டால் கண்ணெதிரே கத்தரிப்பூ நிறமாகும், பேரப்பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பூச்சிமருந்து அடித்த செடியிலிருந்து மட்டும் கொடுக்காதீர்கள். சங்கப் பாடல்களில் நீலத்துக்குக் கருவிளை, வெள்ளைக்குச் செருவிளை என்று பெயர். நம் பூ அவர்கள் அடுப்படிக்குப் போய், தேங்காய்ப்பூ வைத்த பலகாரமாக நம் தட்டுக்கே திரும்பி வருவதில் எனக்கு ஒரு தனி ஆனந்தம். நான் என் பக்கத்து வீட்டுக்குத் தினமும் ஒரு பிடி கொடுக்கிறேன்.

கேள்வி: தேசிய மலரைத் தாழ்வாரத்தில் வளர்க்க முடியுமா?
– தோ பாயோ வாசகர்

பதில்: வளரும், பூக்காது. 1893இல் உலகுக்கு அறிவிக்கப்பட்ட, ஆக்னஸ் ஜோவாக்கிம் அம்மையார் உருவாக்கிய வாண்டா மிஸ் ஜோவாக்கிம் என்ற அந்த ஆர்க்கிட் 1981இல் தேசிய மலரானது. அதற்கு நாள் முழுக்க வெயில் வேண்டும். தாங்குகிற கம்பைத் தாண்டித் தலை மேலே போன பிறகுதான் பூக்கும். கூரைக்கு அடியில் அதை அடைத்து வைப்பது பாவம். தாவரவியல் பூங்காவுக்குப் போய்ப் பாருங்கள்.

கேள்வி: வணக்கம். எனக்கு வயது 72. என் மனைவி மார்ச் மாதம் காலமானார். அவர் வளர்த்த பதினோரு தொட்டிகள் வாசலில் இருக்கின்றன. நான் ஒருநாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. இரண்டு செடிகள் வாடிவிட்டன. சமூகத் தோட்டத்துக்குக் கொடுத்துவிடலாம் என்கிறாள் மகள். எனக்கு மனம் வரவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது? தண்ணீர் எந்த நேரம், எவ்வளவு ஊற்றுவது? படம் அனுப்பியிருக்கிறேன்.
– புக்கிட் பாத்தோக் வாசகர்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துக்கொண்டிருந்தேன். கொடுக்க வேண்டாம். உங்களால் முடியும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடதுபக்கம் மூன்று தொட்டி கனகாம்பரம். அரை நிழலிலும் பூக்கிற நல்ல செடி, உங்களை மன்னிக்கும். அதற்கு அடுத்தது துளசி. நடுவில் இரண்டு மல்லி, கடைசியில் செம்பருத்தி இரண்டு. எல்லாச் செடியும் ஒரே மட்டத்தில் நறுக்கியிருக்கிறது. உங்கள் மனைவியின் கைக்குப் பழகின கத்தரிக்கோல் ஒன்று வீட்டில் எங்கேயோ இருக்கும், தேடி வையுங்கள்.

வாடின இரண்டும் ரோஜா. பிடுங்கிவிடாதீர்கள். தண்டை நகத்தால் லேசாகக் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. மேலிருந்து கீழே ஒவ்வோர் அங்குலமாகக் கீறிக்கொண்டே வந்து, பச்சை தெரிகிற இடத்துக்கு மேலே வெட்டிவிடுங்கள். அடிவரை பழுப்பாக இருந்தால் அது போய்விட்டது. அதற்கு நீங்கள் காரணம் என்று நினைக்க வேண்டாம். இந்தச் சூட்டிலும் ஈரத்திலும் ரோஜா எங்கள் எல்லார் வீட்டிலும் போகும்.

தண்ணீருக்கு நேரமும் அளவும் கேட்டிருக்கிறீர்கள். காலையில் ஆள்காட்டி விரலை மண்ணில் இரண்டாவது கணுவரை விடுங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்திருந்தால் அடியில் வழிகிறவரை ஊற்றுங்கள். டிசம்பர், ஜனவரி அடைமழையில் சாரல் அடிக்கிற பக்கத்துத் தொட்டிக்கு நாலைந்து நாள் ஊற்றவே வேண்டியிருக்காது. ஒரு வாரம் விரல் வைத்துப் பார்த்தால் எந்தத் தொட்டி எவ்வளவு குடிக்கும் என்று தெரிந்துவிடும். பதினோரு தொட்டிக்கும் பத்து நிமிடம் போதும்.

மகள் சொன்ன சமூகத் தோட்டத்துக்கும் போய்ப் பாருங்கள். 2005இல் தேசியப் பூங்காக் கழகம் ஆரம்பித்த திட்டம், இன்றைக்கு 2,000க்கு மேல் தோட்டங்கள் இருக்கின்றன. உங்கள் புளோக்குக்குப் பக்கத்திலும் ஒன்று இருக்கும். காலையில் போனால் மண்ணில் கை வைத்தபடி நாலு பேர் இருப்பார்கள். உங்கள் மனைவியைத் தெரிந்தவர்களாகக்கூட இருக்கலாம். பூவை அவர் தினமும் யாருக்குக் கொடுத்தார் என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்களுக்கே கொடுங்கள்.

இன்னொன்று. அடுக்குக்கு அடியில் ஒரு மைலோ டின் தெரிகிறது. மூடியைத் திறந்து பாருங்கள். நாங்கள் எல்லோரும் விதை வைப்பது அந்த மாதிரி டின்னில்தான். காய்ந்த கனகாம்பரக் கதிர் உள்ளே இருந்தால், கோதுமைக் கதிர் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். ஒன்றை ஒரு தட்டில் வைத்து, அதன்மேல் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுவிட்டு, பேத்தி இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் காய் பட்டென்று வெடித்து விதை தெறிக்கும், தட்டைத் தாண்டிப் போகும். பொறுக்கி எடுங்கள்.

பதினோராவது தொட்டியில் செடி இல்லை, கிளறின மண் மட்டும் இருக்கிறது. மேலே காய்ந்த இலைத்தூள் தூவியிருக்கிறது. அவர் எதையோ நடுவதற்காகத் தயார் செய்து வைத்த மண் அது. விதையை அதில் போட்டு, விரல் நகம் அளவுக்கு மண் மூடி, ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கனகாம்பரம் முளைக்க மூன்று வாரம், நான்கு வாரம்கூட ஆகலாம். முளைத்ததும் எனக்கு எழுதுங்கள்.